படத்தில் வளரும் ஓநாய்

அசாதாரணமாகப் பெரிய காட்டு ஓநாயைக் காட்டுவதாகச் சொல்லப்படும் ஒளிப்படங்களைச் சுற்றி எழும் விவாதம் பெரும்பாலும் ‘இது அசலா, போலியா’ என்ற ஒற்றைக் கேள்வியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்வியே பிழையாக அமைந்தது என்பதுதான் இவ்வகைப் படங்கள் பலவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது தெரியவருகிறது. பனி படிந்த மலைச்சரிவில் வேட்டைக்காரர் ஒருவர் மண்டியிட்டு, தம் உடலை முழுவதுமாக மறைத்துவிடும் பருமனுள்ள ஓநாயின் சடலத்தைத் தூக்கிப் பிடித்திருப்பார். அதன் முன்பாதங்கள் அவருடைய முகத்தைவிட அகலமாகத் தெரியும். படத்தோடு ஓர் எண்ணும் வரும், 200 பவுண்டு, 230 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 91 அல்லது 104 கிலோ. பார்ப்பவர்கள் உடனே இரு கட்சியாகப் பிரிகிறார்கள். கணினியில் செய்த ஒட்டுவேலை என்பது ஒரு கட்சி. நகரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும் என்பது மறுகட்சி. எந்த ஒட்டுவேலையும் இல்லாமல், கேமராவிலிருந்து வெளிவந்தபடியே இருக்கும் ஒரு படம், விலங்கின் அளவைப் பொறுத்தவரை முழுப் பொய்யாக இருக்க முடியும் என்பதை இருவருமே எண்ணிப் பார்ப்பதில்லை.

எடைபோட்டு எழுதிவைக்கப்பட்ட கணக்குகளிலிருந்து தொடங்குவதே முறை. சாம்பல் ஓநாய் என்று உயிரியலாளர்கள் அழைக்கும் இனம் அரபுப் பாலைவனங்களிலிருந்து கனடாவின் வடகோடித் தீவுகள்வரை பரவியிருக்கும் ஒன்று என்பதால் அதன் உடலளவும் இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகிறது. குளிர்நிலத்து விலங்கு அதே இனத்தைச் சேர்ந்த வெப்பநிலத்து விலங்கைவிடப் பெரிய உடல் கொண்டிருக்கும், ஏனெனில் உடல் பெருக்கப் பெருக்க அதன் பருமனோடு ஒப்பிடும்போது வெப்பத்தை இழக்கும் தோற்பரப்பு குறைகிறது என்று 1847இல் ஜெர்மானிய உயிரியலாளர் கார்ல் பெர்க்மன் முன்வைத்த விதி ஓநாய்க்கு ஓரளவு பொருந்துகிறது. தக்காணத்தின் புதர்க்காடுகளில் ஆட்டிடையர்களுக்கு அஞ்சி வாழும் இந்திய ஓநாய் 20 கிலோ அளவிலேயே நிற்க, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வளர்ந்த ஆண் ஓநாய் சராசரியாக 50 கிலோவும் பெண் 40 கிலோவும் இருக்கின்றன. ஆனால் குளிர் மட்டும் போதாது, இரையும் வேண்டும். அதனாலேயே உலகின் மிகப் பெரிய ஓநாய்கள் வடதுருவத் தீவுகளில் இல்லை, மூஸ் என்ற பெரிய மானும் காட்டெருமையும் உலவும் மேற்குக் கனடாவிலும் அலாஸ்காவிலும்தான் இருக்கின்றன.

வட அமெரிக்காவில் நம்பத்தக்க பதிவு கொண்ட மிகப் பெரிய ஓநாய், அலாஸ்காவின் கிழக்குப் பகுதியில் செவன்டி மைல் என்ற ஆற்றையொட்டி 1939ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று கொல்லப்பட்டது. எடை 175 பவுண்டு, அதாவது 79.4 கிலோ. யெல்லோஸ்டோனில் இதுவரை பதிவான கனத்த ஓநாய், 760 என்ற எண்ணால் அறியப்பட்ட ஆண், 148 பவுண்டு, அதாவது 67 கிலோ இருந்தது. அந்தப் பதிவோடு அதன் வயிற்றில் இரை இல்லை என்ற குறிப்பும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. வெளிப்பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் அந்தக் குறிப்புதான் அறிவியலாளரின் எண்ணையும் வேட்டைக்காரரின் எண்ணையும் பிரிக்கும் கோடு. ஓர் எல்க் மானை வீழ்த்திய ஓநாய் ஒரே வேளையில் ஒன்பது கிலோவரை இறைச்சி விழுங்கிவிடக் கூடியது என்பதால், வயிற்றின் நிலையைச் சொல்லாத எந்த எடையும் அந்த அளவுக்குச் சந்தேகத்துக்குரியதாகிறது. யெல்லோஸ்டோனின் ஆய்வாளர்கள் குளிர்காலத்தில் ஹெலிகாப்டரிலிருந்து மயக்க ஊசி செலுத்தி, ரேடியோ காலர் எனப்படும் அலைபரப்பிப் பட்டையைக் கழுத்தில் மாட்டும்போது, ஓநாயைத் தூளியில் கிடத்தித் தராசில் தொங்கவிட்டு எடை பார்க்கிறார்கள். வேட்டைக்காரரின் எண்ணோ அநேகமாகத் தோள் சொன்ன எண். முழங்கால் அளவுப் பனியில் இரண்டு கிலோமீட்டர் சுமந்த தோள் எதையும் குறைத்துச் சொல்வதில்லை.

இனி ஒளியியலுக்கு வரலாம். ஒளிப்படம் எதையும் அளவாகப் பதிவதில்லை, கோணமாகவே பதிகிறது: ஒரு பொருள் லென்ஸின் முன் எவ்வளவு விரிந்த கோணத்தை அடைக்கிறதோ அவ்வளவு இடத்தைப் படத்தில் பெறுகிறது, அந்தக் கோணமோ தொலைவு கூடக் கூடச் சுருங்குகிறது. பர்ஸ்பெக்டிவ் என்று ஓவியர்களும் படக்கலைஞர்களும் சொல்லும் தொலைவுத் தோற்றத்தின் அடிப்படை இதுவே. இதைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் விவாதத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும். கேமரா ஓநாயிலிருந்து ஒன்றரை மீட்டர் தொலைவில் இருக்கிறது, ஓநாயைப் பிடித்திருப்பவரின் உடல் அதற்கு 75 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது என்று கொள்ளலாம். ஓநாய்க்கு 1.5 மீட்டர், மனிதருக்கு 2.25 மீட்டர்; ஆக, மனிதரை அளவுகோலாக வைத்துப் பார்க்கும் கண்ணுக்கு ஓநாய் ஒன்றரை மடங்கு நீளமாகத் தெரியும். ஆனால் கண் நீளத்தோடு நிற்பதில்லை, அதிலிருந்து எடையை ஊகிக்கிறது; எடை நீளத்தின் மும்மடி விகிதத்தில் ஏறுவது என்பதால் ஒன்றரை மடங்கு நீளம் ஏறக்குறைய மூன்றேகால் மடங்கு எடையாக மாறி, 45 கிலோ எடையுள்ள சாதாரண ஓநாய் 150 கிலோ எடையுள்ள அசுரனாகிவிடுகிறது.

மனிதர் முக்கால் மீட்டர் பின்வாங்கி உட்கார்ந்திருப்பது வேண்டுமென்றே செய்த தந்திரம் என்று கொண்டு, ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் வெறும் 30 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், ஓநாய் 1.2 மடங்கு நீண்டு, எடை 1.7 மடங்காகி, அதே 45 கிலோ விலங்கு 78 கிலோவாகத் தோன்றும். அதாவது, ஒரு சடலத்தின் பின்னால் உட்காருகிற எவரும் தவிர்க்க முடியாத அந்த ஓரடி இடைவெளியே போதும், சராசரி ஓநாயை 1939ஆம் ஆண்டின் அலாஸ்காச் சாதனைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த. கேமரா நான்கு மீட்டர் தள்ளிப் போனால் அதே இடைவெளி பத்துப் பதினோரு கிலோவுக்கு மேல் கூட்டாது. தூண்டிலில் சிக்கிய மீனைக் கைநீட்டிப் பிடித்துப் படமெடுத்துக்கொள்பவர்கள் உலகெங்கும் செய்வது இதைத்தான் என்றாலும், மீன் விஷயத்தில் எல்லாருக்கும் தெரிந்து சிரிக்கும் ஒன்று ஓநாய் விஷயத்தில் மறந்துபோவது கவனிக்கத்தக்கது.

இந்தப் பெருக்கத்துக்கு அகலக்கோண லென்ஸ், அதாவது பரந்த காட்சியை ஒரே சட்டகத்துக்குள் அடக்கும் குறுகிய குவியத் தூரம் கொண்ட லென்ஸ்தான் காரணம் என்று அடிக்கடி சொல்லப்படுவது பாதி உண்மை. விகிதத்தை மாற்றுவது லென்ஸ் அல்ல, தொலைவு. அகலக்கோண லென்ஸ் செய்வதெல்லாம், விலங்கும் மனிதரும் சட்டகத்தில் அடங்கியபடியே படமெடுப்பவர் மிக நெருங்கி நிற்க இடம் கொடுப்பதுதான். இன்றைய கைபேசிகளின் முதன்மைக் கேமராக்கள் அனைத்தும் அகலக்கோணத்தவையே என்பதால், முன்பு தெரிந்து செய்ய வேண்டியிருந்த பிழை இப்போது தெரியாமலே நேர்கிறது.

பாதம் முகத்தைவிடப் பெரிதாகத் தெரிவதற்கும் இதே கணக்குதான் விடை. தூக்கிப் பிடித்த சடலத்தின் முன்கால்கள் உடலைவிட இன்னும் அரை மீட்டர் கேமராவை நோக்கி நீண்டிருக்கும். ரோமத்தின் பங்கும் சிறியதல்ல. குளிர்காலத்தில் ஓநாயின் கழுத்திலும் தோளிலும் மேல்முடி பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு நிற்க, அதன் அடியில் அடர்ந்த பஞ்சுமுடி காற்றைத் தேக்கி வைத்திருக்கும். உள்ளே இருப்பது ஒடுங்கிய மார்பும் நெட்டைக் கால்களும் கொண்ட ஓர் ஓட்டக்காரனின் உடல். அலாஸ்காவின் சாதனை ஓநாய் கொல்லப்பட்டது ஜூலையில், அதாவது குளிர்காலப் போர்வை உதிர்ந்த பருவத்தில் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வட அமெரிக்காவில் பதிவான ஓநாய்களில் மிகப் பெரியதைப் படமெடுத்திருந்தால், ஜனவரி மாதத்து 50 கிலோ ஓநாய் ஒன்றின் படத்துக்குப் பக்கத்தில் அது நோஞ்சானாகத் தெரிந்திருக்கவும் கூடும்.

ஆக, பெரும்பாலான படங்களில் படக்கோப்பைத் துருவுவது வீண். நிழல்கள் ஒரே திசையில் விழுகின்றனவா, ஒரே புள்ளித் தொகுதி இரண்டு இடங்களில் படியெடுக்கப்பட்டிருக்கிறதா, கோப்பினுள் கேமரா எழுதிவைக்கும் நாள், நேரம், லென்ஸ் ஆகிய தரவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்ற சோதனைகளெல்லாம் படத்தில் கைவைக்கப்பட்டதா என்பதை மட்டுமே சொல்லும். கைவைக்கப்படாத படம் எவ்வளவு தூரம் பொய் சொல்ல முடியும் என்பதற்கு ஓநாயைவிடச் சிறந்த சான்றைச் சீனாவின் ஒரு புலி தந்தது. 2007 அக்டோபரில் ஷான்ஷி மாகாணத்தின் வனத்துறை, காடுகளிலிருந்து மறைந்துவிட்டதாகவே கருதப்பட்ட தென்சீனப் புலி உயிரோடிருப்பதற்குச் சான்று என்று விவசாயி ஒருவர் எடுத்த படங்களை வெளியிட்டது. வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த படங்களிலும் புலி இம்மியும் அசையாததைப் பலர் சுட்டிக்காட்டினார்கள். அடுத்த மாதமே அதே புலியின் உருவம் அச்சிட்ட பழைய புத்தாண்டுச் சுவர்ப்படம் ஒன்று வெளிப்பட்டது. 2008இல் காவல்துறை மோசடியை உறுதிசெய்தது, படங்களுக்காக வாதாடிய அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள். கேமரா அங்கே தன் எதிரில் இருந்ததை உள்ளபடியே பதிந்தது. எதிரில் இருந்தது காகிதம்.

காட்டு ஓநாய் என்பதில் ‘காட்டு’ என்ற பாதியும் இதே வகையில் கோப்புக்கு அப்பாற்பட்டது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் ஆண்டின் சிறந்த கானுயிர்ப் படக்கலைஞர் போட்டியில் 2009ஆம் ஆண்டின் முதற்பரிசு, இரவில் ஒரு மரக்கதவைத் தாண்டிப் பாயும் ஐபீரிய ஓநாயின் படத்துக்காக ஸ்பெயினின் ஹோசே லூயிஸ் ரொட்ரீகஸுக்கு வழங்கப்பட்டது. அது மாட்ரிட் அருகே வளர்க்கப்பட்டு, படமெடுப்போருக்குக் கிடைக்கக்கூடிய பழக்கப்பட்ட ஓநாயாகவே இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுசெய்து 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அவர் கடைசிவரை அதை மறுத்தார். படம் ஒட்டுவேலை என்று யாரும் சொல்லவில்லை. உண்மையான காட்டு ஓநாய் கதவைத் தாண்டாது, கம்பிகளுக்கு இடையில் நுழைந்து போயிருக்கும் என்ற வகை வாதங்களே எழுந்தன. இது நடத்தை பற்றிய வாதம், படம் பற்றியது அல்ல. புளோரிடாவின் ஒரு சரணாலயத்தில் வாழ்ந்த ‘யூக்கி’ என்ற ஓநாய்-நாய்க் கலப்பினத்தின் படமும் இப்படித்தான் பூதாகரமான காட்டு ஓநாயாக உலகைச் சுற்றியது. பின்னால் சாய்ந்திருந்த மனிதருக்கு முன்னால், கேமராவுக்கு நெருக்கமாக அது உட்கார்ந்திருந்தது. அதன் எடை 54 கிலோ அளவில்தான் இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் இந்தப் படங்கள் ஏன் ஓயவில்லை என்பது ஒளியியலுக்குள் அடங்கும் கேள்வி அல்ல. 1926க்குள் அரசின் ஒழிப்புத் திட்டத்தால் யெல்லோஸ்டோனிலிருந்து முற்றிலும் அழிக்கப்பட்ட ஓநாய் 1995இலும் 1996இலும் கனடாவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டது: ஆல்பர்ட்டாவிலிருந்து 14, பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17 எனப் பூங்காவுக்கு 31; ஐடஹோ மாநிலத்தின் நடுப்பகுதிக்கு 35. அவை பெருகி, கூட்டாட்சி அரசின் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 2009 இலையுதிர்காலத்தில் ஐடஹோவிலும் மொண்டானாவிலும் சட்டப்பூர்வ வேட்டை தொடங்கியது. மறு ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பால் பாதுகாப்பு மீண்டது. 2011இல் அமெரிக்க நாடாளுமன்றமே தலையிட்டு அதை மறுபடியும் நீக்கியது. வடராக்கி மலைப் பகுதியில் பேருருவ ஓநாய்ப் படங்கள் பெருவாரியாகச் சுற்றியது இந்தச் சில ஆண்டுகளில்தான். படத்தின் கீழ் எழுதப்பட்ட எடைக்கு ஒரு வேலை இருந்தது. அரசு கொண்டுவந்து விட்டது நம் பழைய ஓநாய் அல்ல, அதைவிடப் பெரிய, கொடிய, அயலான ஒரு கனடா ஓநாய் என்ற வாதத்துக்கு அந்த எண் சாட்சியாக நின்றது.

அந்த வாதம் முழுக்க வெறும் புரளி என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் கோல்ட்மன் 1937இல் வடராக்கி ஓநாயைத் தனி உள்ளினமாக, அதாவது ஒரே இனத்துக்குள் நிலப்பகுதியால் வேறுபட்ட கிளையாக, வரையறுத்துப் பெயரிட்டதும், கனடாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வடமேற்கு ஓநாய் அதிலிருந்து வேறானது என்று பழைய வகைப்பாடு கொண்டதும் உண்மையே. ஆனால் வட அமெரிக்காவில் 24 உள்ளினங்களைக் கண்ட அந்த வகைப்பாட்டை 1995இல் விலங்கியலாளர் ரொனால்ட் நோவக் மண்டையோட்டு அளவைகளின் துணையோடு ஐந்தாகக் குறைத்தார். அதைவிட வலுவான மறுப்பு ஓநாயின் கால்களில் இருக்கிறது. 1991இல் ஆல்பர்ட்டாவில் பட்டை மாட்டப்பட்ட ‘புளூயி’ என்ற பெண் ஓநாய் அடுத்த ஈராண்டுகளில் இரு நாடுகளிலுமாக ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அலைந்தது. 1986இலேயே, யாரும் கொண்டுவந்து விடாமல், கனடாவிலிருந்து தாமாக நடந்து வந்த ஓநாய்கள் மொண்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் குட்டி ஈன்றுவிட்டன. வரைபடத்தில் நேர்கோடாகக் கிடக்கும் எல்லையை ஓநாய் என்றுமே மதித்ததில்லை எனும்போது, அந்தக் கோட்டுக்கு வடக்கே அரக்கனும் தெற்கே அப்பாவியும் தனித்தனியாக வாழ்ந்தன என்பது நிற்காது.

பெரிய ஓநாய் பகைவர்களுக்கு மட்டும் தேவைப்பட்ட ஒன்று அல்ல என்பது இதில் சுவையான பகுதி. ஓநாயை வனத்தின் ஆன்மாவாகப் போற்றுபவர்களின் சுவரொட்டிகளிலும் சட்டைகளிலும் இருப்பதும் தோள்வரை உயர்ந்த பேரோநாயே. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் பிற்பகுதிகளில் உண்மையான ஓநாய்களைத் தனியே படமெடுத்து, கணினியில் பெரிதாக்கி, நடிகர்களுக்கு அருகில் பொருத்தினார்கள். அந்த அளவுக்குப் பழகிய கண்ணுக்கு உள்ளபடியான ஓநாய் ஏமாற்றமே தரும். அந்தத் தொடரின் ஓநாய்களுக்குப் பெயர் கொடுத்த, சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன டயர் ஓநாய்கூட, எலும்புகளைக் கொண்டு கணித்தால், சராசரியாக 60 முதல் 70 கிலோவுக்குள் அடங்கும் விலங்குதான். படத்தின் கீழுள்ள 104 கிலோ, பனியுக வேட்டை விலங்கையும் தாண்டிவிடுகிறது.

கேமரா பிறப்பதற்கு முன்பும் இந்தப் பெருக்கம் நடந்திருக்கிறது. 1764 முதல் 1767 வரை பிரான்சின் ழெவோதான் பகுதியில் மனிதர்களைக் கொன்ற விலங்கைச் செப்புத்தட்டுச் சித்திரங்கள் கழுதைப்புலியும் சிங்கமும் கலந்த பூதமாக வரைந்தன. 1765இல் அரசனின் துப்பாக்கி ஏந்துநர் பிரான்சுவா அந்த்வான் சுட்டு வெர்சாய் அரண்மனைக்கு அனுப்பிய பெரிய ஓநாயின் எடை 60 கிலோ அளவிலேயே இருந்தது. உடலளவுக்கும் ஆபத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதை இந்தியா இன்னும் கசப்பாக அறியும். 1996இல் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களிலும் 2024இல் அம்மாநிலத்தின் பஹ்ராயிச்சிலும் குழந்தைகளைத் தூக்கிச் சென்றதாகத் தேடப்பட்டவை 20 கிலோ அளவுள்ள ஓநாய்கள். மறுபுறம், 50 கிலோ ஓநாய்கள் நிறைந்த யெல்லோஸ்டோனில் பார்வையாளர் எவரும் ஓநாயால் கொல்லப்பட்டதில்லை. 300 கிலோ எல்க்கை வீழ்த்துவது தனி ஓநாயின் பருமன் அல்ல, கூட்டமும் ஓட்டமும், நொண்டும் இரையைத் தேர்ந்தெடுக்கும் பொறுமையும். இவற்றில் எதுவும் ஒரு சடலத்தின் படத்தில் பதிவதில்லை.

2022க்குப் பின் எழுத்தில் கேட்டால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவலானதிலிருந்து, இல்லாத ஓநாயையும் இல்லாத வேட்டைக்காரரையும் எவரும் சில நொடிகளில் உண்டாக்க முடிகிறது. பார்வையாளரின் ஐயம் இதனால் கூர்மையடைந்திருப்பதாக மகிழ்வது அவசரம். ஐயம் முழுவதும் இப்போது கருவியின் மேல் குவிந்து, விரல்களை எண்ணுவதிலும் நிழலைச் சரிபார்ப்பதிலும் செலவழிய, அந்தச் சோதனையில் தேறிய படத்தின் கீழுள்ள எடையும் தேறிவிட்டதாகக் கொள்ளப்படுகிறது.

எடைச் சர்ச்சை தீர்ந்த இடங்களில் அதைத் தீர்த்தது படம் அல்ல. 2004இல் ஜார்ஜியா மாநிலத்தில் சுடப்பட்டு ‘ஹாக்ஸில்லா’ என்று பெயர் பெற்ற பன்றி, கயிற்றில் தலைகீழாகத் தொங்கும் ஒரே படத்தின் துணையோடு 12 அடி நீளமும் 1,000 பவுண்டு எடையும் உடையதாக அறிவிக்கப்பட்டது. நேஷனல் ஜியாக்ரஃபிக் குழு புதைகுழியைத் தோண்டிப் பார்த்து எடையைச் சுமார் 800 பவுண்டாகவும் நீளத்தை ஏறக்குறைய எட்டடியாகவும் மதிப்பிட்டது. பன்றி பெரியதுதான், படமும் அசல்தான், எண் மட்டும் பொருந்தவில்லை. ஓநாய்க்குக் குழி தோண்ட வேண்டிய தேவைகூட இல்லை. ஐடஹோவிலும் மொண்டானாவிலும் வேட்டை விதிகள், கொன்ற ஓநாயின் தோலையும் மண்டையோட்டையும் வனவிலங்குத் துறையிடம் கொண்டுவந்து காட்டச் சொல்கின்றன. உடல் மலையிலேயே தோலுரிக்கப்பட்டுக் கைவிடப்படுவதால் தராசு என்ற பேச்சே எழுவதில்லை. ஈரத் தோல் இழுத்த இழுப்புக்கு நீளக்கூடியது என்பதால் அதன் அளவையும் நம்புவதற்கில்லை. மண்டையோடு இழுபடாது. வளர்ந்த ஓநாயின் மண்டையோடு பொதுவாக 23 முதல் 28 சென்டிமீட்டர் நீளமுடையது. 50 கிலோ ஓநாய்க்கு 27 சென்டிமீட்டர் என்று கொண்டால், முன்னர்க் கண்ட மும்மடிக் கணக்கைத் திருப்பிப் போடும்போது, அதே உடலமைப்பில் 104 கிலோ எடையுள்ள ஓநாய்க்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் மண்டையோடு வேண்டும். டயர் ஓநாயின் பெரிய மண்டையோடுகளே 31 சென்டிமீட்டர் அளவில் நிற்கின்றன. படத்தை வெளியிடும் வேட்டைக்காரரின் வீட்டில் அந்த மண்டையோடு அநேகமாக இன்னும் இருக்கும், அளந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆனாலும் இவ்வகைப் படங்களோடு சுற்றிவருவது எடை மட்டுமே.